எல்லோருக்கும் பதினாறு

லொரெய்ன் பெல்டியர் மணிக்கட்டைப் பிடித்தால் நாடி பார்க்கிறாள் என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். முதல் அரை நிமிடம்தான் நாடி. அதற்குப் பிறகு ஒரு முழு நிமிடம், பிடித்த கையை விடாமல், எதிராளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பாள். "எண்ணப் போறேன்னு சொன்னா மூச்சை ஒழுங்கா விட ஆரம்பிச்சிடுவாங்க, மாமியார் வர்றப்ப வீட்டைப் பெருக்கற மாதிரி" என்பாள்.

கனடாவின் சட்பரியில் இருபத்திரண்டு வருடம் சலூன் நடத்தி, நாற்பத்தேழு வயதில் நர்சிங் படிக்க வந்தவள். வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் முடி வெட்டியதே அவள்தான். போகிற இடமெல்லாம் எண்ணிப் பழகினாள்: பேருந்து ஓட்டுநருக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு, பிரசங்கம் சூடுபிடித்த பாதிரியாருக்கு இருபத்திரண்டு. ஹாக்கி பார்க்கும் கணவனிடம் போனால், "கையை விடு, நான் இன்னும் சாகல" என்பான்.

பயிற்சிக்குப் போன எலும்பு அறுவைப் பிரிவில் ஓர் அதிசயம் காத்திருந்தது. நோயாளிகள் அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சரியாகப் பதினாறு முறை மூச்சு விட்டார்கள். எண்பது வயதுக்காரிக்கும் பதினாறு. பனிச்சறுக்கில் காலை ஒடித்துக்கொண்டு அலறியவனுக்கும் பதினாறு. எண்ணாமலே எழுதும் மூத்த நர்ஸ் பிரெண்டாவின் கைராசி அது. லொரெய்ன் தேறுவதற்கு அந்தக் கையின் கையெழுத்தும் வேண்டும்.

ஐனோ கொர்ஹோனென், ஓய்வுபெற்ற நிக்கல் சுரங்கத் தொழிலாளி. இடுப்பு மூட்டு மாற்றி மூன்றாம் நாள். தினமும் லொரெய்னின் தலைச்சாயத்தைக் கிண்டல் செய்கிறவர் அன்று காலை பேசவில்லை. அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஐனோவுக்கு இருபத்தெட்டு ஓடுது" என்றாள் பிரெண்டாவிடம்.

"பிரஷர் சரி, ஜுரம் இல்ல, ஆக்சிஜன் தொண்ணூத்தி மூணு. உன்னைப் பாத்துப் படபடப்பா இருக்கும்மா."

"நேத்தும் என்னைத்தான் பாத்தாரு. பதினெட்டுதான் இருந்தது."

"முப்பது வருஷமா நான் இந்த வார்டுல இருக்கேன்."

"இன்னிக்கு எண்ணினீங்களா?"

பிரெண்டாவுக்குத் திடீரென்று மருந்து வண்டியைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது. ஐனோ லொரெய்னின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல யாரோ உக்காந்திருக்காங்க" என்றார். அவள் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து அவசரக் குழுவை நேரடியாக அழைத்தாள். ஒரு மாணவி செய்யக்கூடாத காரியம். அந்த நேரத்தில் அவளுடைய மூச்சு எத்தனை என்று எண்ண அங்கே ஆளில்லை.

நுரையீரலில் இரத்தக்கட்டி. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால், என்று மருத்துவர் தொடங்கி முடிக்காமல் விட்டார். மருந்து ஏறியது, மனிதர் பிழைத்தார். "யார் முதல்ல கவனிச்சது?" என்று மருத்துவர் கேட்டபோது, "எங்க வார்டுல நாங்க எப்பவுமே உஷாரு டாக்டர்" என்றாள் பிரெண்டா, அடக்கத்தோடு. லொரெய்ன் ஐனோவின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பிரெண்டா பக்கத்துப் படுக்கையில் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மூச்சுக்கான கட்டத்தில் பேனாவை வைத்தாள். லொரெய்ன் மூலையிலிருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, பிரெண்டா உட்கார்ந்தால் நோயாளியின் நெஞ்சு நன்றாகத் தெரியும்படி, அவளுக்குப் பின்னால் போட்டாள்.