தனம் வாங்கிய மார்க்

தனத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தவுடனே, "எவ்ளோடி மார்க்கு?" என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் அவள் கூப்பிடுவது வழக்கம். மறுபக்கம் பேசியது அவளுடைய மருமகள். "அத்த காலைல போய்ட்டாங்க பெரிம்மா" என்றாள். நான் கேட்ட கேள்வியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மூட்டுவாத வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தனத்தைத் தெரியும். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் டைப் அடித்துக் காலம் தள்ளுகிறவள். எங்களைச் சேர்த்துவைத்தது முடக்குவாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு எண்களுக்காகக் காத்திருப்போம். உடம்புக்குள் வாதம் எவ்வளவு கொதிக்கிறது என்பதற்கு அவை அடையாளம், குறைந்தால் நல்லது. நாங்கள் சி.ஆர்.பி.யை மார்க் ஆக்கிவிட்டோம். கூடுதலாக வாங்கியவள் டீ வாங்கித் தர வேண்டும். என் பாட்டில் தண்ணீரை இருவரும் குடிப்போம். மூடியை லேசாகத்தான் மூடுவேன். இறுக்கினால் அவளால் திறக்க முடியாது.

கடைசி ஒரு வருடமாக ஒவ்வொரு முறையும் தனமே ஜெயித்தாள். எனக்குப் பொறாமை. ஒருநாள் டீக்கடையில் அவளால் டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குடித்தாள்.

"என்னடி, மார்க் ஆறு. கை இப்படி வீங்கியிருக்கு?"

சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்து மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும், எண்ணை இறக்கிக் காட்டும் ஸ்டீராய்டு. "நம்பரு ஏறிச்சின்னு வையி, புள்ள என்னிய வூட்ல உக்கார வெச்சிருவான். ஒரு மாசம் போவலன்னா என் எடத்துல வேற ஒருத்தி அருவாமனையப் போட்டு உக்காந்துக்குவா. அப்புறம் நான் எங்கக்கா போவேன்? டாக்டராண்ட சொல்லிடாத, என் மேல சத்தியம்."

அடிப்பாவி என்று திட்டினேன். திட்டினேனே தவிர, சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

அடுத்த முறை டாக்டர் அறையில் அவளுக்குப் பின்னால் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவளுடைய விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "வலிக்குதாம்மா? ரத்தம் பாதிதான் சொல்லும். மீதிய நீங்கதான் சொல்லணும்."

"போ டாக்டரு, கூச்சமா கீது" என்று தனம் சிரித்தாள். முதுகுப்பக்கம் ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "பேப்பர்ல ஜெய்ச்சிட்டன்க்கா" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. அந்த மாத்திரை காய்ச்சலையும் அமுக்கி வைத்திருக்கிறது. நுரையீரல் முழுக்கப் பரவிய பிறகுதான் வீட்டில் தெரிந்திருக்கிறது. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள். சேர்ப்பதற்கு முந்தின நாள்வரை சந்தையில் அவள் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

போன செவ்வாய்க்கிழமை என் மார்க் எட்டு. "நல்லா இருக்கே" என்றார் டாக்டர். ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாததைச் சொன்னேன். பிறகு, "தனத்துக்கும் வலி இருந்துச்சு டாக்டர்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம். தனமும் நானும் சேர்ந்து மறைத்த அந்தப் பாதியை இனி நான் மறைக்கப்போவதில்லை. அவள் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்து பையைத் திறந்தேன். உள்ளே எல்லாம் ஈரம். பாட்டில் மூடியை அவளுக்காக லேசாக மூடி எடுத்து வந்திருக்கிறேன்.