ரெஜினா அக்கா உள்ளே விட்ட துணி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். பெண்கள் இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்ச்சுமாக நான் மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். என் பழைய மாணவி நந்தினி போன் செய்தாள். அந்த நேரத்தில் யாரும் என்னை அழைக்க மாட்டார்கள். அழைத்தால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "மேம், ரெஜினா ஆன்ட்டி... அவங்க இல்ல மேம். காலைல சாய் போட எழுந்தாங்களாம். அப்படியே விழுந்துட்டாங்க. அவங்க பையன் ஆல்வின் அண்ணா இப்பதான் சொன்னாரு" என்றாள். "சரி" என்று மட்டும் சொன்னேன். ஓடி வந்த பெண்களின் நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷப் பயிற்சியாளர் வேலையில் அது முதல் தடவை.

கோர்படியில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ரெஜினா அக்காவின் தையல் கடை. இதைப் படிக்கிற பூனாத் தமிழர்களில் பாதிப் பேராவது அங்கே துணி கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். சொன்ன தேதியில் ரவிக்கை கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பப் போவதில்லை. உங்களுக்கு அவர் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுத்த அக்கா. எங்கள் ஓட்டக்காரப் பெண்களுக்கு என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவரும் சொல்லியிருக்க மாட்டார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு மதியம் இரண்டு மணிக்கு. கடை பூட்டியிருந்தது. ஒன்றிலிருந்து நாலு வரை இந்த ஊர்க் கடைக்காரர்கள் தூங்குவார்கள் என்பது தெரியும். தமிழ்க்காரர் கடைதானே என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். மாடி ஜன்னலிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "நாலு மணிக்கு வாங்கம்மா. நான் பொறந்தது இங்கதான். எனக்கும் அந்தத் தூக்கம் உண்டு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நான் சாங்வியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு மணி நேரம் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. பன்னிரண்டு பெண்களுக்கு வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டும் என்றேன். "வெள்ளைன்னு யாரு சொன்னா? ஓடுறவளா, பாக்குறவனா?" என்று கேட்டார். கமிட்டியின் முடிவு என்றேன். "அந்த மூணு நாள்ல ஓட வேண்டி வந்தா?" "சமாளிச்சுப்பாங்க. நாங்கல்லாம் சமாளிக்கலையா?" என்றேன். "எப்படிச் சமாளிச்சீங்க?" என்று அவர் விடாமல் கேட்டார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட் வைத்துக்கொண்டு, முன்னால் ஓடுகிறவளைப் பார்க்காமல் பின்பக்கத்தையே நினைத்துக்கொண்டு ஓடி, ஜெயிக்க வேண்டிய ஒரு பந்தயத்தை நான் விட்டிருக்கிறேன். அதை ஒரு தையல்காரரிடம் சொல்வதாவது? எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, அதாவது சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்து, அவர் தந்தது கருநீல ஷார்ட்ஸ். உள்ளே இரட்டைத் துணி. இடுப்புப் பட்டையில் ஒரு சின்னப் பை. "கமிட்டி கேட்டா, வெள்ளத் துணி கிடைக்கலன்னு தையக்காரி கையை விரிச்சுட்டான்னு சொல்லிடுங்க" என்றார். கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

அளவு பார்க்கும் விதமும் தனி. கடையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. எங்கள் பெண்கள் வந்தால் அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டுவிடுவார். "நின்னு பாக்குறதுக்கா தைக்கிறேன்? முட்டியத் தூக்கு. குனி. இங்கருந்து அந்தக் கதவு வரைக்கும் ஓடு" என்பார். தையல் மெஷினுக்கும் துணி ரேக்குக்கும் நடுவில் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். தொடை பெரிதாகத் தெரிகிறதா என்று ஒருத்தி கேட்டதற்கு, "தெரியுது. அதுலதானே ஓடுற" என்றார். அந்தப் பெண் ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் தகராறு. ஒவ்வொரு ஷார்ட்ஸிலும் இரண்டு பக்கமும் இரண்டு இன்ச் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தார். உறுத்தாமல் தட்டையாக அமுக்கித்தான் தைத்திருந்தார், ஆனாலும் அது வேண்டாத சுமை என்பது என் கட்சி. "வயசுப் பொண்ணுங்கம்மா. வளரும். வளந்தா நான் பிரிச்சு விடணும்ல?" என்றார். "ஓடுற பொண்ணு பெருக்க மாட்டா அக்கா, இளைப்பா" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை காலை மைதானத்தில் எடை மெஷின் வைப்பேன். ஒவ்வொருத்தியாக ஏற வேண்டும். எடையை எல்லோர் முன்னாலும் பலகையில் எழுதுவேன். கூடியிருந்தால் பெயருக்குக் கீழே ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கட்டுப்பாடு என்று நினைத்தேன். என் கோச் எனக்குச் செய்ததைத்தான் நான் செய்தேன், அவரைவிடக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன்.

நந்தினி ஹடப்சரிலிருந்து வந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பதினேழு வயது, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். என் கையில் வந்தவர்களில் அவள்தான் முதல் தரம். இரண்டு கிலோ குறைத்தால் இன்னும் வேகம் வரும் என்றேன். மூன்று குறைத்தாள். ஷார்ட்ஸ் தொளதொளத்தது, ரெஜினா அக்காவிடம் போய் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மாதத்தில் மறுபடியும் போனாள். மூன்றாவது தடவை நானே கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் இன்ச் டேப்பை அவள் இடுப்பில் சுற்றினார், நோட்டில் எழுதினார், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பிடிக்க மாட்டேன்" என்றார். "ஏன்?" "துணியப் பிடிக்கலாம் கோச்சம்மா. இன்னும் எவ்ளோ பிடிச்சா இந்தப் பொண்ணு மிச்சம் இருப்பா?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. தைக்கிறவர் தையலோடு நிற்க வேண்டும் என்று நந்தினியின் முன்னாலேயே சொன்னேன். வேறு ஒரு கடையில் பத்து நிமிஷத்தில் பிடித்துக் கொடுத்தார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து மைதானத்து வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. மூட்டு வலியால் மாடிப்படி இறங்கவே யோசிக்கிற ரெஜினா அக்கா அதிலிருந்து இறங்கினார். கையில் அளவு நோட்டு. மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நந்தினியின் பக்கத்தைத் திறந்தார். இடுப்பு இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்து நாலு. "படிங்க" என்றார். "நல்ல முன்னேற்றம்" என்றேன். அப்படியேதான் சொன்னேன், இன்று எழுதும்போது கை கூசுகிறது. "முப்பது வருஷமா பொம்பளைங்க உடம்ப அளக்குறேன். இப்படி வரிசையா இறங்கினா, ஒண்ணு காய்ச்சல், இல்லன்னா புருஷன் சரியில்ல, இல்லன்னா சாப்பாடு இல்ல. இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவளுக்கு மாசம் மாசம் வருதா?" என்று கேட்டார்.

"ஏழெட்டு மாசமா இல்ல. கடுமையா ஓடுறவங்களுக்கு அது சகஜம் அக்கா. எனக்கும் நின்னிருக்கு" என்றேன். "எப்போ?" "இருபது வயசுல. ஒன்றரை வருஷம் வரல." அவர் நோட்டை மூடினார். "காலு எலும்பு விரிசல் விட்டு ஓடுறத நிறுத்தினேன்னு ஒருநாள் சொன்னீங்களே. அது எப்போ?" இருபது வயதில்தான். அதே வருஷம். அந்த இரண்டையும் அதுவரை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. எதிரே நந்தினி ஓடிக்கொண்டிருந்தாள். வளைவில் இடது காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வலி மூன்று வாரமாக இருக்கிறதாம். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். ஔந்தில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். கெண்டைக்கால் எலும்பில் விரிசல் தொடங்கியிருந்தது. காலைப் பார்ப்பதற்கு முன்பே அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், மாதவிலக்கு எப்போது வந்தது என்று. ஓடுவதற்குச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு போகாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், அப்புறம் எலும்பு பலமிழக்கும், அது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை என்று விளக்கினார். நாலு மாதம் ஓடக் கூடாது. நந்தினியின் அப்பா வேலை உடுப்போடு வந்து நின்றார். "வீட்ல ஒரு சப்பாத்தியோட எழுந்துடுவா மேடம். நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நாங்க ஒண்ணும் கேட்டுக்கல" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாளே எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ரெஜினா அக்காவிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் இப்படித்தான் எதையாவது தூக்கிக்கொண்டு போவோம். அவர் அதை வாங்கி, தைக்கும்போது இடது காலை வைத்துக்கொள்ள மெஷினுக்கு அடியில் போட்டுக்கொண்டார். "நல்ல உயரம்" என்றார். அதன்பின் பல வருஷம் அந்த முள் அவருடைய ஒற்றைக் காலின் எடையைக் காட்டிக்கொண்டு ஆடியது.

நந்தினி எளிதில் தேறிவிடவில்லை. சாப்பிட்டால் உடம்பு போட்டுவிடும், அப்புறம் ஓட்டமே போய்விடும் என்று அழுவாள். "எனக்குக் கண்ணு தெரியல, வந்து ஊசி கோத்துக் குடு" என்று ரெஜினா அக்கா அவளை மதியங்களில் வரவழைத்துக்கொண்டார். முப்பது வருஷத் தூக்கத்தை அவளுக்காக விட்டார். இரண்டு தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். ஒருநாள் முட்டையை அவள் கைக்குட்டையில் சுற்றிப் பையில் ஒளித்ததைப் பார்த்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கும் வான்னு சொன்னேன்" என்றார்.

ஆறாவது மாதம் ஒரு காலை, மைதானத்துக்கு ஒரு பெட்டி பேடா வந்தது. எதற்கு என்று கேட்ட பெண்களுக்கு, பேரன் பாஸாகிவிட்டான் என்று ரெஜினா அக்கா போனில் சொன்னார். பேரனுக்கு அப்போது இரண்டு வயது. நந்தினி தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேடா சாப்பிட்டாள். அவளுக்கு மாதவிலக்கு திரும்பியிருக்கிறது என்று புரிந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெண்களுக்கு முன்னால் நான் அழுவதில்லை.

பழைய ஷார்ட்ஸ் போட முடியாமல் இறுகியபோது அவள் மறுபடியும் உடைந்துபோனாள். நான்தான் கடைக்குக் கூட்டிப் போனேன். ரெஜினா அக்கா பக்கத்துத் தையலை பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தார். உள்ளே மடித்துக் கிடந்த துணி, வெயிலோ வியர்வையோ படாமல், புதுக் கருநீலமாக வெளியே வந்தது. "உடம்பு மாறினா துணியப் பிரிக்கிறது என் வேலை. ஓடுறது உன் வேலை. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாப்போம்" என்றார். அடுத்த பருவத்தில் அவள் அந்த ஷார்ட்ஸில் ஓடி ஐந்தாவதாக வந்தாள். அதற்கடுத்த பருவத்தில், மெலிந்திருந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓடினாள். இன்று என்னோடு சேர்ந்து சின்னப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறாள். எடைப் பலகை இருந்த சுவரில் இப்போது காலைச் சாப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போனால் பெண்கள் வலி என்று சொல்வது போலவே வந்து சொல்கிறார்கள்.

என்னைப் பார்த்தால் ரெஜினா அக்கா ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்பார்: "கோச்சம்மா, சாப்டீங்களா?" "ஆச்சு" என்பேன். பல வருஷம் அது பொய். பெண்களை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு நான் கறுப்பு டீயோடு நின்றுகொண்டிருப்பேன். இருபது வயதில் பழகிய பசி ஐம்பதிலும் என்னை விடவில்லை. நந்தினிதான் ஒருநாள், "மேம், நீங்களும் உக்காருங்க" என்று ஒரு தட்டை என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் சாப்பிடுகிறேன். ரெஜினா அக்கா எப்போதோ தைத்துத் தந்த என் டிராக் பேண்ட் இந்த வருஷம் இறுகிவிட்டது. பத்து நாள் முன்னால் வெட்கத்தோடு அதைக் கடைக்கு எடுத்துப் போனேன். ரெஜினா அக்கா வாங்கிப் பார்த்தார், அப்படிச் சிரித்தார். "இது எப்ப வரும்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார். "எப்ப தருவீங்க?" என்று கேட்டேன். "திங்கக்கிழமை" என்றார். நான் நம்பவில்லை. திங்கள்கிழமை போகவும் இல்லை.

அடக்கத்தன்று எங்கள் பெண்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இரண்டு பேர் கைக்குழந்தையோடு வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆல்வின் கடையைத் திறந்தான். மெஷினுக்கு அடியில் எடை மெஷின் அப்படியே கிடந்தது. "இது உங்களோடதுன்னு அம்மா சொல்லுவாங்க. எடுத்துட்டுப் போறீங்களா ஆன்ட்டி?" என்றான். வேண்டாம் என்றேன். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தந்தான். மேலே அவர் கையெழுத்தில் "கோச்சம்மா, திங்கள்" என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்ன நாளில் முடித்து வைத்திருக்கிறார், நான்தான் போகவில்லை. பேண்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதைத் தாண்டி ஒரு இன்ச் வெளியே விட்டுப் புதுத் தையல். அதற்கும் உள்ளே இன்னும் ஒரு இன்ச் துணி மடிந்திருந்தது. இளைத்தே கிடந்த அத்தனை வருஷமும் எனக்கும் சேர்த்துத்தான் அவர் விட்டு வைத்திருக்கிறார். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பெண்களோடு உட்கார்ந்து இரண்டு முட்டையும் அவல் போஹாவும் சாப்பிட்டேன். ஆச்சு, அக்கா.