அப்பாவுக்குக் கேட்ட சத்தம்

என் அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு ஒன்பது வயதில் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குப் போவதற்காகக் கஞ்சி போட்டுத் தேய்த்த பாவாடை உடுத்தியிருந்தேன்.

யுத்த காலம் அது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு முதலாளிக்குப் பெரிய சரக்குக் கிட்டங்கி இருந்தது. கடலடியில் முங்கி எடுத்துவரும் சங்கெல்லாம் ஏலம் முடிந்து அங்கேதான் வந்து குவியும். வளையல் அறுப்பதற்காக அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறும். அப்பா அங்கே கிளார்க். கிட்டங்கிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமாவுக்கு அங்கே சங்கு தரம் பிரிக்கிற வேலை வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். மாமா எனக்குத் தினமும் ஏதாவது தின்பண்டம் கொண்டுவருவார். அதனால் உலகத்திலேயே நல்லவர் யாரென்று கேட்டால் மாமா என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பா அடுத்தபடிதான்.

எங்கள் வீட்டில் காலை ஜெபம் முடியாமல் யாருக்கும் காப்பி கிடையாது. அப்பாதான் வேதத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசிப்பார். தெருமுனை வரை கேட்கும் குரல். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் திடீரென்று வேதப்புத்தகத்தை என் மடியில் வைத்து, இனிமேல் நீயே வாசி என்றார். நான் தடுமாறாமல் வாசிப்பதற்குக் கிடைத்த பரிசு என்று எண்ணி, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொல்லித் திரிந்தேன். நான் வாசிக்கும்போது அப்பா பாயைப் பார்த்தபடியே இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அதிகாரம் தாவீது ராஜாவைப் பற்றியது. ராஜா செய்த பாவத்தை யாரும் தட்டிக் கேட்கவில்லை. தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார்: ஆடுமாடு நிறைய வைத்திருந்த ஒருவன், ஏழை பிள்ளைபோல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ராஜாவுக்குக் கோபம் வந்து, அவன் சாகத்தான் வேண்டும் என்கிறான். அந்த ஆள் நீதான் என்கிறார் தீர்க்கதரிசி.

வாக்கியம் முடிகிற இடத்தில் தலையை நிமிர்த்த வேண்டும் என்று எங்கள் டீச்சர் பழக்கியிருந்தார். நிமிர்ந்தேன். அந்தச் சமயம் பார்த்து அப்பாவும் நிமிர்ந்திருந்தார். நீதான் என்ற வார்த்தையை நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி ஆகிவிட்டது.

"இன்னொரு தடவ வாசி," என்றார்.

தப்பாக வாசித்துவிட்டேன் போல என்று பயந்து, எழுத்தெழுத்தாக வாசித்தேன்.   அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏளா, எந்திரி. எங்கூட வா."

கோயிலில் முதல் மணி அடித்தது. கோயில் கமிட்டியில் இருந்த அப்பா அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். உப்பளத்து ஓரமாக அரைமணி நேரம் நடந்து, கடற்கரையில் ஓலைக் குடிசைகள் இருந்த இடத்துக்கு வந்தோம். ஒரு குடிசை வாசலில் ஒருவர் தேங்காய்த் தும்பைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. கிட்டங்கியில் காவல்காரராக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே ஒரு வலம்புரிச் சங்கு களவுபோய்விட்டது என்றும், காவல்காரன்தான் எடுத்தான் என்றும், போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பொருள் கிடைக்காமல் விட்டுவிட்டது என்றும், அவருக்கு வேலை போய்விட்டது என்றும் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏலே என்றுதான் அவரை அப்பா கூப்பிடுவது வழக்கம்.

"அண்ணாச்சி," என்றார் அப்பா. அவர் திரும்பவில்லை. அப்பா குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கய்யா. டேசன்ல அடிச்சதுல அந்தக் காது போச்சி."

அப்பா அந்தப் பக்கம் போனார். இப்போது அவர் குரல் பழைய வாசிக்கிற குரலாக இருந்தது. பக்கத்துக் குடிசைப் பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தச் சங்க எடுத்தது எம் மச்சினன். துண்டுல சுருட்டுனத எங் கண்ணால பாத்தேன். போலீசு கேட்டப்ப ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டேன்."

 மாமா எடுத்தாரா? அப்பா பொய் சொன்னாரா? இரண்டில் எதற்கு அழுவதென்று தெரியாமல் நின்றேன். காவல்காரர் திட்டுவார், அடிப்பார் என்று பயந்தேன். அவர் திரித்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"அவன் துண்ட இடுக்கிக்கிட்டுப் போனத நானும் பாத்தேன்யா. நீங்க அங்கன நின்னதயும் பாத்தேன். அதான் போலீசுகிட்ட சொன்னேன், கிளார்க்கு அய்யாகிட்ட கேளுங்க, அவரு வேதக்காரரு, பொய் சொல்லமாட்டாருன்னு. நம்பித்தான சொன்னேன்."

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு, அத்தனை பேர் பார்க்க, இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளைகள் அழும்போது சத்தம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காவல்காரரின் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் கொடுக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனோம். அப்பா மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். சாவியைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். போலீஸ் தேடிப் போவதற்குள் மாமா தோணி ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. காவல்காரரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வெகுநாள் கழித்து ஒரு கருப்பட்டி மண்டியில் வேலை கிடைத்தது.

அம்மா அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு பேசினால்தானே சொல்வதற்கு. அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "ஏளா, ஒனக்கு வேற அதிகாரமே கெடைக்கலயா?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்குள் முள்ளாகத் தைத்தது. நான் சரியாக வாசித்ததால்தான் மாமா போனார், வேலை போனது, வீட்டில் பேச்சும் போனது என்று நிச்சயமாக நம்பினேன். மறுநாளிலிருந்து வேதப்புத்தகத்தை என் மடியில் வைத்ததும், யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தையும் யார்மேலும் பட்டுவிடக் கூடாதென்று கடகடவென்று வாசித்து முடிப்பேன்.

சில வாரம் கழித்து அப்பாவும் நானும் மட்டும் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். கமிட்டியிலிருந்து அவர் விலகிவிட்டார். கடைசி வரிசையில்தான் உட்காருவார். ஆனால் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அப்பா, அன்னைக்கு நான் வாசிச்சது தப்பாப்பா?"

"இல்லளா. நீ வாசிச்சப்ப ஆண்டவர் எங்கிட்டப் பேசுனாரு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"வெளிய கேக்காது. உள்ள கேக்கும்."

"எப்படிப்பா இருந்திச்சி? இடி மாதிரியா?"



"எஞ் சத்தம் மாதிரியேதான் இருந்திச்சி," என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்குச் சொந்தமாக ஒரு குரல் கூடவா இல்லை என்று நினைத்துக்கொண்டே, அவர் விரலைப் பிடித்தபடி நடந்தேன்.