கீழே வைத்த துப்பாக்கி

டிரசர் ஐயாவின் துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டாக்கள் வேறோரிடத்திலும் இருந்தன. துப்பாக்கி அவர் வீட்டுச் சுவரில். தோட்டாக்கள் தோட்ட ஆஸ்பத்திரியில், கொயினா மருந்துப் போத்தல்களுக்குப் பின்னால், பூட்டிய அலமாரிக்குள். சுட வேண்டும் என்று தோன்றுகிறவன் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நடக்கட்டும், அதற்குள் மனம் மாறக்கூடும் என்பது அவர் எண்ணம்.

முப்பதுகளின் தொடக்கத்தில், குளுவாங்குக்கு அப்பால் காட்டை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கட்டுப் போட்டு, அதைத் தனி ஆளாக நடத்திய டிரசர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். புலி நடமாட்டத்தைச் சொல்லித் துரை அவர் பெயரில் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தபோது முதலில் மறுத்தார். கொல்லக் கூடாது என்பது கட்டளை; பக்கத்தில் இருப்பவன் சாகும்போது சும்மா நிற்பதும் பாவம்தானே என்று மாதக்கணக்கில் குழம்பினார். ரயிலில் வந்து ஜெபம் நடத்திய போதகரிடம் கேட்டார். மந்தையைக் காக்கிறவன் கையில் கோல் இருக்கலாம் என்றார் போதகர். கோலையும் துப்பாக்கியையும் ஒன்றாக நினைக்க அவரால் முடியவில்லை. ஆனாலும் வாங்கி மாட்டினார்.

ஒரு மழைக்காலப் பிற்பகலில், ரப்பர் பாலுக்காக மரம் வெட்டும் தொழிலாளி ஒருவனுக்கு மலேரியா முற்றி ஜன்னி கண்டது. மனைவியை வெளியே துரத்திவிட்டு, பாராங் கத்தியோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் அறைக்குள் நின்றான். சின்ன மகள் உள்ளே அடுப்பு மூலையில் மாட்டிக்கொண்டாள். கங்காணி ஓடிவந்து சொன்னதும் டிரசர் தோட்டாக்களை எடுத்தார், வீட்டுக்கு நடந்தார், துப்பாக்கியை இறக்கி இரண்டு குழலிலும் போட்டார். நானும் கூட நடந்தேன். அவர் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

"சுடுங்கய்யா, பிள்ளைய வெட்டிருவான்" என்றார் கங்காணி, லயத்துப் படிக்கு வந்ததும். டிரசர் உள்ளே பார்த்தார். காலையில் அவர் கையால் மருந்து குடித்தவன். "ஜன்னியில நிக்கிறான். இதைக் கண்டால் இன்னும் பயந்திடுவான்" என்று துப்பாக்கியைப் படியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனார். அவன் பெயரைச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கத்தி பிடித்த கை அசைந்தது. ஓங்கினானா, கீழே போடப் பார்த்தானா என்பதை டிரசரின் முதுகு மறைத்துவிட்டது. கங்காணி படியிலிருந்ததை எடுத்து, அவர் தோளை ஒட்டிச் சுட்டார்.

பிள்ளை பிழைத்தாள். தகப்பனின் மார்பை டிரசர் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தார். அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பது அங்கிருந்தவர்களில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விசாரணையில் யார்மீதும் குற்றமில்லை என்றார்கள். அடுத்த ஜெபத்தில் போதகர் பிள்ளையின் உயிருக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். செத்தவனின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, "நீங்க பேசிக்கிட்டுத்தானேய்யா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். டிரசர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். இனிமேல்தான் அது அவசியம் என்று துரை வாங்க மறுத்தார். லயத்து ஆட்களும் வந்து, இருக்கட்டும் என்று கெஞ்சினார்கள்.

ஒருநாள் மருந்து கலக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் சுடமாட்டன் எண்டால் தோட்டாவை ஏன் போட்டனான்?"

ஒருவேளை தேவைப்படும் என்றுதானே, என்றேன்.

"ஓம். கங்காணி எடுத்துச் சுட்டது என்ர அந்த ஒருவேளையைத்தான்."

நான் வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போகும்வரை துப்பாக்கி அவர் சுவரில்தான் இருந்தது. லயத்தில் யாருக்காவது ஜன்னி என்று அவரைக் கூப்பிட வந்தவர்கள், அதையும் கையோடு எடுத்துவரச் சொன்னார்கள்.