முத்துலிங்கத்தின் இடது கால்

உருத்திரபுரத்தில் என் கராஜுக்கு வருகிறவர்களில் ஜெயபுரம் முத்துலிங்கத்தைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. காரில் பிழை இருக்கிறது என்று சொன்னால், பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரிக் கோபம் வந்துவிடும். சின்ன வயதில் கலவரத்துக்குப் பயந்து அப்பாவோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, பாதி வாழ்க்கை அடுத்தவர் வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டியவர், போன வருடம்தான் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை கொதிப்போடு வந்தார். மலைநாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை இராசமலரின் மகள் சுரேகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே மலைமேல் கோயிலில் கலியாணம். பொம்பிளை தாய்மாமன் காரில்தான் கோயிலுக்குப் போவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது பார்த்தால் கார் இரைகிறது, இழுக்கவில்லை!

"யோகன், பெற்றோல்தான் பிழை. வேற ஒண்டுமில்லை. சமமான றோட்டில என்ன மாதிரி ஓடுது தெரியுமோ!"

வன்னியில் எந்த வீதிதான் சமமில்லை? ஏற்றம் என்றால் எங்களுக்குக் குளக்கட்டு ஒன்றுதான். ஏற்றிப் பார்த்தோம். இஞ்சின் கத்தோ கத்தென்று கத்தியது, கார் ஊர்ந்தது. எரிந்த நாற்றம் மூக்கில் அடித்தது. பின்னால் வந்த எருமை ஒன்று எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு முந்திப் போனது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கராஜுக்குத் திரும்பி, கைப்பிரேக்கை நன்றாக இழுத்து, நாலாம் கியர் போட்டுக் கிளச்சை விட்டேன். இஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. முத்துலிங்கம் துள்ளினார்.

"பாத்தியே! நிக்கேல்லை! எவ்வளவு பலம் எண்டு பார்!"

"ஐயோ முத்தண்ணை, நிக்கவேணும்! கைப்பிரேக்கால சில்லைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். கிளச் நல்லதெண்டால் இஞ்சின் அந்த இடத்திலயே செத்திருக்கும். வழுக்குது, அதுதான் ஓடுது."

கிளச் கேபிள் அளவுக்குமேல் இறுகியிருக்கவில்லை. கியர் பெட்டியை இறக்கினோம். எண்ணெய் ஒழுக்கும் இல்லை. ஆனால் கிளச் தட்டு தேய்ந்து ஆணித்தலைகள் தெரிந்தன.

"மாரிக்குத்தானே புதுசு போட்டனான்!" என்று என்மேல் பாய்ந்தார்.

"கோபிக்காமல் ஏறி இருங்கோ. ஓடுற மாதிரி இருங்கோ."

இருந்தார். கலியாணக் கதையைத் தொடங்கினார். இடது கால் தானாகப் போய்க் கிளச்மேல் குந்திக்கொண்டது. சேற்று வயலில் உழவு இயந்திரக் கிளச்சை மிதித்தபடியே உழுது பழகிய கால்! அந்தப் பாரத்தால் தட்டு முழுதாகப் பிடிக்காமல், ஓடுகிற நேரமெல்லாம் உரசித் தேய்ந்திருக்கிறது. பிழை பிடிபட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ தன் காலை யாரோ ஒருவருடைய கால்போல முறைத்துப் பார்த்தார்.

கிளிநொச்சியில் வாங்கிய புதுக் கிளச் செட்டை மாட்டி, வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே சோதனையைச் செய்தோம். கிளச்சை விட்டதும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இஞ்சின் பட்டென்று நின்றது.

"நிண்டுட்டுது! நிண்டுட்டுது!"

இருவரும் கத்திக்கொண்டு கட்டிப்பிடித்தோம். இஞ்சின் நின்றதற்குக் கூத்தாடுகிறவர்களை வீதியில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ!

ஆனால் அந்தக் காலை என்ன செய்வது? சாப்பாடு கொண்டுவந்திருந்த அவருடைய மனைவி வடிவம்மா முன் சீற்றில் ஏறி இருந்தா.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

குளக்கட்டுவரை அவருடைய தொடையில் அடி விழுந்தபடியே இருந்தது. "எடுங்கோ காலை!" கார் விறுவிறென்று ஏறி உச்சியில் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. குளக்கட்டு வேறு, மலை வேறு அல்லவா? மத்தியானம் போன் அடித்தது.

"யோகன், ஏறிட்டுது! அப்பா மூட்டையோட நடந்து இறங்கின றோட்டில, பொம்பிளையை வைச்சுக்கொண்டு ஏறினனான்! கோயில் வாசல்ல யாற்ற கார் எண்டு கேட்டவை. நான் வாய் திறக்க முதல் சுரேகா சொல்லிப்போட்டாள், 'எங்க மாமா கார்' எண்டு…"

அவர் அழுகிற சத்தம் போனில் கேட்டது. நானும் கிறீஸ் கையோடு நின்று அழுதேன்.