பன்னிரண்டு பாகத் தண்ணீர்

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அலுவலகக் குழுவில் செய்தி வந்தது. தேவராஜ் அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது: நாளைக்கே ஒரு படகு காணாமல் போனால் யாரைக் கேட்பேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. படூர் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

கடலில் காணாமல் போனவர்களை எங்கே தேடுவது என்று கணக்கிடும் மென்பொருள் எங்களுடையது. கடைசியாக இருந்த இடம், நேரம், காற்று, நீரோட்டம் கொடுத்தால் தேட வேண்டிய கட்டத்தைத் திரையில் வரையும். திருவிடந்தையில் படகு ஓட்டிய அண்ணன், தண்ணீர் கேன்களுக்குச் சட்டை மாட்டிக் கடலில் மிதக்கவிட்டு, அவை போகும் வழியைக் குறித்துத் தருவார். "ஆளு மாதிரி மெதக்கணும்னா சட்டை வேணும்மா. இப்ப வூட்ல எனக்கே சட்டை இல்ல," என்பார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய வாரம். மாமல்லபுரம் பக்கம் ஒரு படகு கரை திரும்பவில்லை. இரண்டு பேர். அவர்களில் ஒருவரின் மனைவி போனில், "பன்னெண்டு பாகத்துல வலை வுட்டுகினு இருந்தாங்க," என்றார். கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் என்று பதிந்தேன். கட்டம் அழகாக விழுந்தது.

அண்ணன் பின்னால் வந்து நின்றார். "அந்தம்மா இன்னா சொன்னாங்க? அப்டியே சொல்லு."

சொன்னேன்.

"பாகம்னா ஆழம்மா. ரெண்டு கைய விரிச்சா ஒரு பாகம். அது கரைக்குக் கிட்டதான் கீது. நீ ஆள வுட்டுட்டு வெறுந்தண்ணில தேட வுடற."

நான் எழுந்து இடம் விட்டேன். அவரே எண்களை மாற்றினார். மாலைக்குள் இருவரும் கிடைத்தார்கள், கவிழ்ந்த படகைப் பிடித்தபடி, புதிய கட்டத்தின் ஓரத்தில். ஓரத்தில் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"இந்த வேலை எனக்கு வேணாம்ணா. பயமா இருக்கு."

"பயந்துகினே பாரு. கட்டம் அழகா வந்துச்சுன்னா இன்னும் கொஞ்சம் பயப்படு."

அதற்குப் பிறகுதான், கரையில் இருப்பவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுத ஒரு பெட்டியைப் படிவத்தின் முதலில் வைத்தோம்.

போன ஞாயிறு மகளோடு கடற்கரைக்குப் போனேன். மணி ஐந்து பத்து, அவளுக்கு மஞ்சள் சட்டை, தண்ணீர் கணுக்கால் வரை. காணாமல் போனவர்களின் படிவத்தை நிரப்புவதுபோல் மனம் தானாகக் குறித்துக்கொண்டது.

இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் யாரும் வந்து நிற்பதில்லை. கட்டம் விழுந்ததும் தகவல் சொன்னவருக்கே மறுபடி போன் போட்டு, "அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம். இது தீர வேண்டாம்.