பயம் இல்லை என்று சொன்ன நாள்

என் மச்சான் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடி ஒரு நீல நைலான் கயிறு. அதைப் பார்த்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது. மணலியில் ரசாயனத் தொட்டிகளைக் கழுவும் வேலையில் நானும் என் மனைவியின் தம்பியான அவனும் ஜோடி. ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். மற்றவர் மேலே நின்று மறுமுனையைப் பிடித்திருப்பார். இறங்கும் முன் மேலே நிற்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது மச்சான் போட்ட சட்டம். "பயம் எங்க குந்திகினு கீது?" வயிற்றில், தொண்டையில், முட்டியில் என்று ஏதாவது சொன்னால்தான் இறங்கலாம். "பயம் இல்லன்றவன் ஒண்ணு புளுகுறான், இல்லாங்காட்டி தூங்கிகினு கீறான் மாமா" என்பான். எனக்கு எப்போதும் வயிறுதான். வாய்விட்டுச் சொன்னதும் பயம் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடும்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கப்போன மச்சானிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, "எனக்கின்னா மாமா பயம்?" என்றான் மச்சான். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். நான்கு பேர் எதிரில் அவனைத் தடுக்க மனம் வரவில்லை. இறங்கினான். சற்று நேரத்தில் கயிற்றை இழுத்தேன். வழக்கமாகக் கீழேயிருந்து பதிலுக்கு ஓர் இழுப்பு வரும். வரவில்லை. அவன் அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் ஓடவில்லை. ஐந்து பேருமாக இழுத்து வெளியே போட்டபோது உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு இருந்தது.

பிழைத்தான். ஆனால் கதவு சாத்திய இடமே அவனுக்கு ஆகாமல் போயிற்று. குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போடமாட்டான். வேலையை விட்டபோது அந்தக் கயிற்றை மட்டும் கேட்டு வாங்கி வந்து வாசலில் கொடியாகக் கட்டினான். டாக்டரிடம் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான். தினமும் காலையில் போனில் அதே கேள்வியைக் கேட்கிறேன். "நெஞ்சுல கீது மாமா" என்று அவன் சொன்னால் எனக்கு நிம்மதி.

போன வாரம் ஒரு காலை, "இன்னிக்குப் பயமே இல்ல மாமா" என்றான். செருப்புகூட மாட்டாமல் வண்டியை எடுத்தேன். டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்தினேன், யாரைப் பார்த்து என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது துணிகள் தரையில் கிடந்தன. கொடி இல்லை. கதவு சாத்தியிருந்தது.

தள்ளினேன், தாழ் போடவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தான். கயிறு அவன் இடுப்பில் கட்டியிருந்தது. மறுமுனை வாசற்படியருகே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, "எங்கடா குந்திகினு கீது?" என்றேன்.

"எல்லா எடத்துலயும் மாமா."

ஒரு முறை இழுத்தேன். வெகு நேரம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது.